கடலின் நிறம் பார்த்து வரும் மீன் தகவல்

ஹைதராபாத்தில் கடல் கிடையாது. ஆனால் நாளைக்கு வலையை எங்கே போடலாம் என்று நம் கரைக்குத் தகவல் வருவது அங்கிருந்துதான். 1999இல் தொடங்கி, இப்போது மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களைக் கணித்துத் தமிழிலும் அறிவிக்கிறது. கட்டணம் இல்லை.

செயற்கைக்கோளின் கண்ணுக்கு மீன் தெரியாது. தெரிவது கடலின் நிறமும் மேல்தண்ணீரின் சூடும். நுண்பாசி மிகுந்த தண்ணீரில் பச்சை ஏறும். 2022 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஓஷன்சாட்-3 போன்றவை அந்தப் பச்சையை அளக்கின்றன. சூட்டை அகச்சிவப்புக் கருவிகள் அளக்கின்றன. குளிர்ந்த தண்ணீரும் வெதுவெதுப்பான தண்ணீரும் முட்டும் விளிம்பில் பாசி சேரும். அதைத் தேடிச் சின்ன மீன் வரும், பின்னாலேயே பெரிய மீன் வரும். அந்த விளிம்பைத்தான் அறிவிப்பு காட்டுகிறது.

குறிப்பிட்ட கரையிலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று இருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகையும் உண்டு, ஜிபிஎஸ்ஸில் போட்டுக்கொள்ளலாம். ஆழம் மீட்டரில் வரும். பாகக் கணக்கில் பழகியவர்கள் ஒரு பாகத்துக்குச் சுமார் 1.83 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மேல்தண்ணீரில் கூட்டமாகத் திரியும் மீனுக்குத்தான் இது உதவும். அடியில் கிடக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் நம்பிப் போகாதீர்கள். தேடி அலையும் டீசல் மிச்சமாகலாம். வலை நிறையும் என்ற உத்தரவாதம் கிடையாது.

சில நாள் தகவலே வராது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்திலும், கடல் கொந்தளிக்கும் நாட்களிலும் நிறுத்திவிடுவார்கள். மேகம் மூடினாலும் சிக்கல்தான், ஒளியும் வெப்பமும் அதைத் தாண்டி வராது.

அதனால் மையத்தின் சேவையே செத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். செயற்கைக்கோளில் உள்ள ரேடாருக்கு மேகமும் இருட்டும் பொருட்டில்லை. காற்று தண்ணீரைச் சிலிர்க்க வைக்கிறதே, அந்தச் சிலிர்ப்பில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையிலிருந்து காற்றின் வேகமும் திசையும் கிடைக்கும். இன்னொரு வகை ரேடார், கடல் அலையின் உயரத்தைச் சொல்லும். கடல்நிலை முன்னறிவிப்புக்கு இவை பெரிய துணை. இங்கே காற்றே இல்லாதபோது தென்கோடிக் கடலில் பிறந்து வந்து மோதும் பேரலையான கள்ளக்கடலுக்கும் எச்சரிக்கை இதே மையத்திலிருந்துதான். என்னைக் கேட்டால், மீன் தகவலைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்காய்ஸ் இணையதளத்திலும், செயலியிலும், சில மீன் இறங்குதளங்களில் வைத்திருக்கும் மின்பலகைகளிலும் பார்க்கலாம். செல்போன் சிக்னல் எட்டாத ஆழ்கடலுக்கு 2019இல் ஜெமினி என்ற பெட்டி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தியை அது வாங்கி, புளூடூத்தில் செல்போனுக்குத் தரும். ஆனால் அது ஒருவழிதான்: கரையிலிருந்து எச்சரிக்கை வரும், படகிலிருந்து அதன் வழியே உதவி கேட்க முடியாது.