தோஹர் ஹநெஷெக்: கறைபடா ஆயுதம்

எபிரேயத்தில் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவதற்கு ‘நிக்குய் நெஷெக்’ என்று பெயர். ‘தோஹர் ஹநெஷெக்’ வேறு. இரண்டையுமே ‘ஆயுதத் தூய்மை’ என்று தமிழில் எழுதிவிட முடியும் என்பதுதான் சிக்கல். எழுதினால் நமக்கு நினைவுக்கு வருவது ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்த அரிவாள். எபிரேயம் பேசும் இஸ்ரேலியர்களுக்கு நினைவுக்கு வருவது, யாரைச் சுடலாம், யாரைச் சுடக்கூடாது என்று 80 ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாத ஒரு வாக்குவாதம்.

நெஷெக் என்றால் ஆயுதம். ‘ஹ’ சுட்டு. தோஹர் என்ற சொல்லின் வீடு சமயச் சடங்கு. மாதவிலக்கு முடிந்த பெண் மிக்வே எனும் நீர்த்தொட்டியில் மூழ்கி எழுந்து பெறும் நிலையும், இறந்தவர் உடலை நீராட்டும் ‘தஹாரா’ சடங்கும் இதே வேரிலிருந்து வருபவை. எதிர்ச்சொல் ‘தும்ஆ’. இதற்குத் தமிழில் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை: தீட்டு. யூதச் சமயச் சட்டப்படி தீட்டுகளிலேயே மிகக் கடுமையானது பிணத் தீட்டு.

அப்படியானால் ஆளைக் கொன்ற ஆயுதம் எப்படித் தூய்மையாக இருக்கும்? யூதர்களின் வேதமான தோராவில் எண்ணாகமம் 31ஆம் அதிகாரம் நேராகவே சொல்கிறது: கொன்றவனும் பிணத்தைத் தொட்டவனும் ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே தங்கவேண்டும், உலோகப் பொருட்களைத் தீயில் இட்டு எடுக்கவேண்டும். அதே அதிகாரத்தில்தான் எதிரிகளான மீதியானியரின் பெண்களையும் ஆண் குழந்தைகளையும் கொல்லும் கட்டளையும் வருகிறது. கொல்லப்பட்டவர் யார் என்பது அங்கே தீட்டுக் கணக்கில் இல்லை. பிணத்தைத் தொட்டாயா என்பது மட்டுமே கேள்வி.

இந்தச் சடங்குச் சொல்லை எடுத்து அறத்துக்குப் பயன்படுத்தியவர்கள் ரபிகள் எனும் யூத மதகுருக்கள் அல்லர்; பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்ற சியோனிஸ்டுகளில் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். 1936இல் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்தில் அரபுக் கிளர்ச்சி வெடித்தது. யூதர்களின் ஹகானா படை ‘ஹவ்லகா’, அதாவது பதிலுக்குப் பதில் கண்மூடித்தனமாக அடிக்காமல் பொறுப்பது, என்ற கொள்கையை எடுத்தது. இர்குன் என்ற மற்றொரு யூதப் படை அதை உதறிவிட்டு அரபுச் சந்தைகளில் குண்டு வைத்தது. ‘தவார்’ நாளிதழின் ஆசிரியர் பெர்ல் கட்ஸ்னெல்சன் 1939இல் ஜெனீவாவில் நடந்த சியோனிஸ்ட் காங்கிரஸில் ஹவ்லகாவுக்குத் தந்த விளக்கம் இது: ஆயுதம் ஏந்துவோம், வருபவனை எதிர்ப்போம், ஆனால் குற்றமற்றவர் ரத்தத்தால் அந்த ஆயுதம் கறைபடக் கூடாது. ஆக, தீட்டு பிணத்திலிருந்து நகர்ந்து, யாருடைய பிணம் என்பதற்கு வந்துவிட்டது. சொல் வரலாற்றில் இது சிறிய மாற்றம் இல்லை.

இஸ்ரேல் நாடு உருவான பின் சொல் அதன் ராணுவத்துக்குள் போனது. முதல் பெரிய சோதனை 1956 அக்டோபர் 29, கஃபர் காசிம் கிராமம். ஊரடங்கை மாலை 5 மணிக்கு முன்னுக்கு இழுத்தார்கள். ஊர்த்தலைவருக்குத் தகவல் வந்தது அரை மணி நேரத்துக்கு முன்புதான். வயலிலிருந்து விஷயம் தெரியாமல் திரும்பிய அரபுக் குடிமக்களை எல்லைக் காவலர்கள் நிறுத்திச் சுட்டார்கள்; கிட்டத்தட்ட 50 பேர் செத்தார்கள். சில கட்டளைகளின் மேல் ‘கறுப்புக் கொடி’ பறக்கும், அவற்றுக்குக் கீழ்ப்படிவதே குற்றம் என்று நீதிபதி பெஞ்சமின் ஹலெவி எழுதிய தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் தண்டனை பெற்றவர்கள் சில ஆண்டுகளிலேயே வெளியே வந்துவிட்டார்கள். படைப்பிரிவுத் தளபதி ஷத்மிக்கு விதித்த அபராதம் 10 புருதா. ஓர் இஸ்ரேலிய பவுண்டுக்கு 1000 புருதா! ‘ஷத்மியின் காசு’ என்பது எபிரேயத்தில் பழமொழி போலவே ஆகிவிட்டது.

1994இல் தத்துவப் பேராசிரியர் ஆசா காஷெரின் பங்களிப்போடு எழுதப்பட்ட ராணுவ நெறிமுறையில் தோஹர் ஹநெஷெக் ஒரு விழுமியமாகவே இடம்பெற்றது. ‘யோரிம் உவோகிம்’ என்றும் ஒரு தொடர் உண்டு: ‘சுடுகிறார்கள், அழுகிறார்கள்’. சுட்டவனின் மனசாட்சியை மட்டும் பேசி, சுடப்பட்டவனை மறப்பவர்கள் மீதான கேலி அது. எனக்கு இந்தக் கேலியில் நியாயம் தெரிகிறது. தூய்மை என்பது எப்போதும் வைத்திருப்பவனின் சொத்துதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அறப்போர்’ ஆகாது; அது நம்மிடம் உண்ணாவிரதம், மறியல் பக்கம் போய்விட்டது. ‘தீட்டுப்படா ஆயுதம்’ வேருக்கு மிக நெருக்கம், ஆனால் சாதி வாடை அடிக்கும். நான் ‘கறைபடா ஆயுதம்’ என்பேன். கட்ஸ்னெல்சன் சொன்னதும் கறைதான். ‘கறைபடாத கரம்’ என்று மேடையில் யாராவது தன்னையே சொல்லிக்கொள்ளும்போது நமக்கு எழுகிற சந்தேகமும் கூடவே வந்துவிடுகிறது.

இன்னொரு சொல்லையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். போரிடாத, காக்கப்படவேண்டிய மக்களை இஸ்ரேலியர் ‘பில்தி மெஉராவிம்’ என்கிறார்கள். நம் செய்திகளில் அது ‘அப்பாவி மக்கள்’ ஆகிவிடுகிறது. நேர்ப்பொருள் ‘சம்பந்தப்படாதவர்கள்’. 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1200 பேர் கொல்லப்பட்ட பிறகு, ‘காசாவில் பில்தி மெஉராவிம் யாருமில்லை’ என்ற வாக்கியம் இஸ்ரேலில் அரசியல்வாதிகள் வாயிலும் கேட்டது. அதே அக்டோபர் 27இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் யூதர்களே காசா போரை எதிர்த்து ‘எங்கள் பெயரால் வேண்டாம்’ என்று உட்கார்ந்து கைதானார்கள். ‘அப்பாவி’ என்று மொழிபெயர்த்தால் இந்தச் சண்டை எதற்கென்றே விளங்காது. அப்பாவி என்பது நம் இரக்கத்திலிருந்து வருகிற சொல். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதையோ, துப்பாக்கி வைத்திருப்பவர் முடிவு செய்கிறார்.