ரிப்போர்ட் நார்மல், பூனை நார்மலா?

சீனப் புத்தாண்டுக்கு வந்த பூங்கொத்தில் ஒரு லில்லித் தண்டு இருக்கிறது. பூனை அதன் இலையைக் கடித்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் கிளினிக்குக்குத் தூக்கி வந்து ரத்தமும் எடுத்தாயிற்று. கிரியேட்டினின், யூரியா, பொட்டாசியம் எல்லாம் ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் நார்மல் எல்லைக் கட்டத்துக்குள்தான். "நார்மல்னு வந்திடுச்சே டாக்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?" என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றத் தவறினால்தான் ரத்தத்தில் சேரும். லில்லி நஞ்சு சிறுநீரக நுண்குழாய்களைச் சில மணி நேரத்திலேயே தாக்கத் தொடங்கிவிடும், ஆனால் கழிவு தேங்கி எண்ணாகத் தெரிய 24 முதல் 72 மணி நேரம் ஆகலாம். சிகிச்சைக்கான வாசல் அதற்கு முன்பே மூடிவிடுகிறது. கடித்த 18 மணி நேரத்துக்குள் டிரிப் ஏற்றத் தொடங்கினால் பெரும்பாலான பூனைகள் தேறிவிடும். கிரியேட்டினின் ஏறி, சிறுநீரும் நின்றபிறகு வந்தால் கால்நடை மருத்துவர்களான எங்கள் கையில் மிச்சமிருப்பது குறைவு. இதழ், இலை, ரோமத்தில் ஒட்டி நக்கிய மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் எல்லாமே பூனைக்கு ஆபத்து. முதல் நாள் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மறுநாள், அதற்கு மறுநாள் வரும் எண்களை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

2024 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி வந்துவிட்டது. புதிதாக வளர்ப்பவர்கள் பெருகியிருக்கும் இந்த நேரத்தில், ரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதை எப்போது சொல்லாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நஞ்சுக்கு நஞ்சு நேரம் மாறும்

தீபாவளி நேரத்துக் கவலை நாய்களைப் பற்றியது. கேசரி, பாயசம், லட்டு என்று எல்லாவற்றிலும் கிஸ்மிஸ் இருக்கும். திராட்சையும் கிஸ்மிஸும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல காலமாகத் தெரிந்ததுதான். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்ற கருத்து 2021-இல் வெளிவந்தது. அது நம் சமையலறைக்கு நேராக வருகிற செய்தி, ஏனென்றால் புளியில் அந்த அமிலம் நிறைய உண்டு. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானது மருத்துவ இதழிலும் பதிவாகியிருக்கிறது. மிஞ்சிய ரசத்தையும் சாம்பாரையும் சோற்றில் பிசைந்து நாய்க்கு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் வெங்காயமும் சேர்ந்தே இருக்கும். திராட்சையின் ரகத்துக்கும் பழுத்த அளவுக்கும் ஏற்ப அமிலத்தின் அளவு மாறும். அதனால் "போன வருஷம் தின்னுச்சு, ஒண்ணும் ஆகல" என்பதை வைத்து இந்த வருஷத்தை முடிவு செய்ய முடியாது. பெரும்பாலும் ஒரு நாளைக்குள் வாந்தி தொடங்கும், கிரியேட்டினின் 24 முதல் 48 மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். ஆகவே வந்தவுடன் ஒருமுறையும், பிறகு 24, 48, 72 மணி நேரத்திலும் எண்களைப் பார்க்கிறோம். நான்கு முறையா என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. முதல் முறை ஒன்று மட்டும் பார்ப்பதானால் பார்க்காமலே இருக்கலாம்.

வெங்காயத்தின் கணக்கு வேறு. அது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைக் கெடுத்து, ஹைன்ஸ் உருண்டைகள் எனும் சிறு புடைப்புகளை உண்டாக்கும். அப்படிப்பட்ட அணுக்களை உடல் அழித்துத் தள்ளும். சாப்பிட்ட அன்று சிவப்பணுக்களின் அளவு நன்றாகவே இருக்கும், மூன்றிலிருந்து ஐந்து நாளில்தான் சரியும். அதற்குள் ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்துக்குப் போயிருக்கலாம். பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராம் போதும். நான்கு கிலோ பூனைக்கு அது 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். நாய்க்குக் கிலோவுக்கு 15 முதல் 30 கிராமில் பாதிப்பு தெரியும். வதக்கினாலும் பொடியாக்கினாலும் நஞ்சு போகாது.

எலிமருந்தில் நேரத்தைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலிமருந்து வைட்டமின் கே-யின் சுழற்சியை முடக்குகிறது. ரத்தம் உறைய அந்த வைட்டமினின் உதவியால் உருவாகும் பொருள்களில் ஏழாவது காரணிக்கு ஆயுள் சில மணி நேரமே என்பதால் முதலில் தீர்வது அதுதான். அதைக் காட்டும் பரிசோதனை பிடி (PT), ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளப்பது. தின்ற அன்று பிடி பார்த்தால் நார்மலாகவே வரும். 48 முதல் 72 மணி நேரத்தில் பார்த்தால் நீண்டிருக்கும். மூன்றிலிருந்து ஐந்தாம் நாளில் நாய் மூச்சு வாங்கும், சோர்ந்து படுக்கும், சில சமயம் நெஞ்சுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடையில் யாராவது வைட்டமின் கே1 போட்டிருந்தால் பிடி நார்மலாகத் தெரியும், ஆனால் நஞ்சு உடலில் அப்படியே இருக்கும். புதிய வகை மருந்துகள் வாரக்கணக்கில் தங்கக்கூடியவை. அதனால் கடைசி மாத்திரை கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் கழித்துத்தான் மறுபடி பிடி பார்க்க வேண்டும். "மாத்திரை முடிஞ்சிடுச்சு, நல்லாத்தான் ஓடுது" என்று அந்தக் கடைசிப் பரிசோதனைக்கு வராமல் விட்டுவிடக் கூடாது. மருந்து உறையோ பெட்டியின் படமோ இருந்தால் கட்டாயம் கொண்டுவாருங்கள்.

பெனடால் காத்திருக்க வைக்காது. அதில் உள்ள பாரசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனைக்குப் போதுமான அளவு இல்லை. கிலோவுக்கு 10 மில்லிகிராமே நஞ்சாகலாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று நான்கு கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 125 மில்லிகிராம். சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபினாக மாறி, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். இதைப் பார்க்க இயந்திரம்கூடத் தேவையில்லை. வெள்ளைத் துணியில் பூனையின் ரத்தம் ஒரு சொட்டு, பக்கத்தில் ஆரோக்கியமான பூனையின் ரத்தம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் போதும். நல்ல ரத்தம் காற்றுப் பட்டதும் பளிச்சென்று சிவக்கும், மற்றது சாக்லேட் நிறத்திலேயே நிற்கும். முகமும் பாதமும் வீங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்து உண்டு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. காய்ச்சல் என்று பூனைக்குப் பெனடால் கொடுத்தது யாராக இருந்தாலும், பணிப்பெண்ணாக இருந்தாலும் தாத்தாவாக இருந்தாலும், தயங்காமல் சொல்லுங்கள். திட்ட மாட்டோம்.

சிலவற்றுக்கு ரத்தத்தில் அடையாளமே கிடையாது. நாய்க்கான உண்ணி மருந்தில் இருக்கும் பெர்மெத்ரினைப் பூனையின் கழுத்தில் தடவிவிட்டால் நடுக்கமும் வலிப்பும் வரும். வழக்கமான ரத்தப் பரிசோதனை எதுவும் அதைக் காட்டிக்கொடுக்காது. மருந்துக் குப்பிதான் சாட்சி.

வெயில் தாக்கிய நாய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மதிய நடைக்குப் பிறகு சரிந்து விழுந்த பிரெஞ்ச் புல்டாகைக் குளிர்வித்து, எழுந்து நின்றுவிட்டது என்று நிம்மதியடைவது இயல்பு. கல்லீரல் நொதிகளும் ரத்தம் உறையும் நேரமும் அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் மோசமாகும். அன்று ரத்தம் பூசிப் பார்த்த கண்ணாடி ஸ்லைடில் கருவோடு கூடிய சிவப்பணுக்கள் நிறைய வெளிவந்திருந்தால் அதை நல்ல அறிகுறியாக நாங்கள் எடுப்பதில்லை.

மெதுவாக ஏறும் எண்கள்

வயதான பூனையின் சிறுநீரகக் கதை இதற்கு நேர்மாறு. வடிகட்டும் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போனபிறகே கிரியேட்டினின் கட்டத்தைத் தாண்டும். எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்த அடையாளம் சராசரியாக 40 விழுக்காடு இழப்பிலேயே உயரத் தொடங்கும். தசை கரைந்துபோன கிழப்பூனைக்கு கிரியேட்டினின் ஏமாற்றும், எஸ்டிஎம்ஏ அவ்வளவு ஏமாற்றாது. ஆனால் இரண்டையும்விட மலிவான பரிசோதனை ஒன்றை வீட்டுக்காரர்கள் தட்டிக்கழிக்கிறார்கள், அதுதான் சிறுநீர். பூனையின் சிறுநீர் அடர்த்தி 1.035-க்கு மேலும், நாய்க்கு 1.030-க்கு மேலும் இருக்க வேண்டும். உடலில் நீர் வற்றியிருக்கிற பூனை 1.010 அளவில் சிறுநீர் கழித்தால், கிரியேட்டினின் எவ்வளவு அழகாக இருந்தாலும் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

அலகு பற்றி ஒரு வார்த்தை. இங்குள்ள ரிப்போர்ட்டுகளில் கிரியேட்டினின் பெரும்பாலும் லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கில் வரும். இணையத்தில் படிப்பது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். "1.6 வரை நார்மல்னு போட்டிருக்கு, என் பூனைக்கு 150!" என்று இரவில் குறுஞ்செய்தி வருவது இதனால்தான். 88.4-ஆல் வகுத்துப் பாருங்கள். 150 என்பது 1.7, எல்லையோரம்தான். லிட்டருக்கு மில்லிமோலில் வரும் குளுக்கோஸை 18-ஆல் பெருக்க வேண்டும். பூனைக்கு டாக்சியில் வந்த பயத்திலேயே குளுக்கோஸ் 15-ஐத் தொட்டுவிடும். அதை வைத்து நீரிழிவு என்று முடிவுகட்ட மாட்டோம். கடந்த ஓரிரு வாரத்தின் சராசரியைச் சொல்லும் ஃப்ரக்டோசமைனையும் பார்ப்போம்.

கல்லீரல் நொதி ஏஎல்டி நாயின் ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டரை நாள் அளவு ஆகும், பூனைக்குச் சில மணி நேரம் போதும். அதனால் நாய்க்குக் கொஞ்சம் ஏறியிருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று சொல்வோம். பூனைக்கு அதே ஏற்றம் இருந்தால் அப்படி விடமாட்டோம். நாய்க்கு ஏஎல்பி என்ற இன்னொரு நொதி மட்டும் தனியாக ஏறியிருந்தால் முதலில் கேட்பது ஸ்டீராய்டு பற்றி. காதுக்கு விடும் சொட்டு மருந்திலும் தோலுக்குப் பூசும் களிம்பிலும்கூட அது இருக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டலும், வளரும் குட்டியின் எலும்பும் இதே நொதியை ஏற்றும். ஏஎல்டி, ஏஎல்பி இரண்டும் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்பவை, அது வேலை செய்கிறதா என்று சொல்பவை வேறு. அல்புமின், யூரியா, குளுக்கோஸ், கொலஸ்ட்ரால் குறைகின்றனவா, பிலிருபின் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். பல இடங்களில் அலங்காரத்துக்கு நட்டிருக்கும் சைக்கஸ் செடியின் விதையைக் கடித்த நாய்க்கு இவை அத்தனையையும் நாள்தோறும் தொடர்கிறோம்.

உண்ணிக் காய்ச்சலில் ஏமாற்றும் இடங்கள்

இங்கே குளிர்காலம் கிடையாது, பழுப்பு நாய் உண்ணிக்கு வருடம் முழுவதும் பருவம்தான். அது கடத்தும் எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகள் இரண்டிலும் முதலில் சரிவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள். பத்து நிமிட விரைவுப் பரிசோதனை பெரும்பாலும் எதிர்ப்புப் பொருளைத்தான் தேடுகிறது. கிருமி புகுந்து அது உருவாக ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும், அதற்குள் பார்த்தால் 'இல்லை' என்று வரும். குணமான பிறகும் பல மாதம் 'உண்டு' என்றே காட்டும். தெருவிலிருந்து தத்தெடுத்த சிங்கப்பூர் ஸ்பெஷல் நாய்களுக்கு 'உண்டு' என்று வந்ததும் பலர் பயந்துபோகிறார்கள். தட்டணு, குளோபுலின், ரத்தச்சோகை எல்லாம் சரியாக இருந்து, பிசிஆரிலும் கிருமி இல்லையென்றால் அது பழைய தடமாகவே இருக்கலாம்.

தட்டணு எண்ணிக்கையில் இயந்திரத்தை மட்டும் நம்பக் கூடாது. பூனை ரத்தம் எடுக்கும்போதே தட்டணுக்கள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும், இயந்திரம் கட்டிகளை எண்ணாமல் விட்டுவிட்டு 40 என்று (மைக்ரோலிட்டருக்கு 40 ஆயிரம்) அச்சடிக்கும். கவாலியர் நாய்களுக்குத் தட்டணுவே பெரிது, அதைச் சிவப்பணுவாக எண்ணிவிடும். ஸ்லைடில் எண்ணெய் லென்ஸ் வைத்து ஒரு பார்வைப்பரப்பில் தெரியும் ஒவ்வொரு தட்டணுவையும் 15 ஆயிரமாகக் கணக்கிட்டால் உண்மை தெரிந்துவிடும். அப்போதே சிவப்பணுக்குள் பபேசியாவும் கண்ணில் படலாம். காது நுனியில் எடுத்த ரத்தத்தில் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல்.

குழாய் மாறினால் நோயும் மாறும்

ஊதா மூடிக் குழாயில் பொட்டாசியம் ஈடிடிஏ இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துவைத்து ரத்தம் உறையாமல் காக்கும். அந்தக் குழாயில் மிஞ்சியதைப் பச்சை மூடிக் குழாயில் ஊற்றினால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் அடியோடு விழும், ஏஎல்பியும் குறையும். இம்மூன்றும் ஒன்றாக வந்து நாய் வாலாட்டிக்கொண்டு நின்றால் நோய் குழாயில் இருக்கிறது, நாயிடம் இல்லை. சாப்பிட்ட கையோடு எடுத்த ரத்தம் பால்போல் கலங்கிப் பல எண்களைத் திரிக்கும். நாங்கள் 12 மணி நேரம் உணவு வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். தண்ணீர் கொடுக்கலாம். நீரிழிவுப் பிராணிக்கும் குட்டிக்கும் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இருபது பரிசோதனையில் ஒன்று மட்டும் சிவப்பு எழுத்தில் வந்தாலும் பதற வேண்டாம். கட்டம் என்பது ஆரோக்கியமான பிராணிகளில் 95 விழுக்காட்டை அடக்கும் எல்லை. இருபதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நோயே இல்லாத பிராணிக்கும் ஒன்றாவது வெளியே விழும் வாய்ப்பு பாதிக்கு மேல். அந்தப் பிராணியின் சென்ற வருட எண்தான் எங்களுக்கு அதைவிட நல்ல அளவுகோல். கிளினிக் மாறும்போது "நார்மல்னு சொன்னாங்க" என்று வராமல் எண்கள் உள்ள தாளைக் கேட்டு வாங்கி வாருங்கள்.

ரத்தம் சொல்லாததைத் திசு சொல்லும்

தோலுக்கடியில் ஒரு கட்டி இருக்கும், ரத்தம் சுத்தமாக இருக்கும். மாஸ்ட் செல் கட்டி என்ற புற்றுநோயிலும் பல முறை இப்படித்தான். தொட்டுப் பார்த்துக் கொழுப்புக்கட்டி என்று சொல்லிவிடுவது எவருக்கும் எளிது, ஊசியால் உறிஞ்சி ஸ்லைடில் பார்க்காதவரை அது ஊகம்தான். மாஸ்ட் செல்லாக இருந்தால் துகள்கள் நிறைந்த அணுக்கள் பெரும்பாலும் உடனே தெரியும். எவ்வளவு வீரியமானது என்று அறிய கட்டியை எடுத்துத் திசுவாக அனுப்ப வேண்டும். ஒரு பங்கு திசுவுக்கு, அதைக் கெடாமல் காக்கும் பார்மலின் திரவம் பத்துப் பங்கு, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல். மிஞ்சினால் பார்மலின் உள்ளே இறங்குவதற்குள் நடுப்பகுதி அழுகிவிடும். ஊசியில் எடுத்த ஸ்லைடுகளைப் பார்மலின் பாட்டிலோடு ஒரே பையில் போட்டால் ஆவி பட்டே அவை சாயம் ஏறாமல் வீணாகும்.

பிராணி இறந்து, விஷம் என்ற சந்தேகம் இருந்தால் உடலைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக் குளிரில் வையுங்கள், உறைநிலைப் பெட்டியில் வேண்டாம். உறைந்த திசுவில் பனித்துகள் அணுக்களைக் கிழித்துவிடும், நுண்ணோக்கியில் ஒன்றும் பிடிபடாது. பிரேதப் பரிசோதனை 24 மணி நேரத்துக்குள் நடந்தால் நல்லது. அப்போது இரைப்பையில் இருந்தது, கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் தனித்தனிக் குப்பியில், பார்மலின் ஊற்றாமல், உறையவைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். எந்த நஞ்சைத் தேடுவது என்று சொல்லாமல் அனுப்பினால் ஆய்வகம் இருட்டில்தான் துழாவ வேண்டும். ஆகவே வாந்தியில் கிடந்த துணுக்கு, கடித்த செடியின் கிளை, குப்பைத்தொட்டியில் கிடந்த உறை எதுவானாலும் ஒரு பையில் போட்டு உடலோடு கொண்டுவாருங்கள்.