விசிறி இல்லாத கார்டுக்கு ஒரு பெட்டி

கழித்துக் கட்டப்பட்ட சர்வர் பாகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது என்விடியாவின் டெஸ்லா பி40. 2016இல் டேட்டா சென்டர்களுக்காக வந்த ஜிபியு, அதாவது ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குகளைப் போடும் கிராபிக்ஸ் சிப் கொண்ட கார்டு. மானிட்டர் செருக இடமில்லை, விசிறியும் இல்லை. ஆனால் 24 ஜிபி நினைவகம் இருக்கிறது. நிறுவனங்கள் புதிய கார்டுகளுக்கு மாறும்போது, இவை கழற்றப்பட்டு செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன.

நினைவகம் ஏன் அவ்வளவு முக்கியம்? இந்தக் கார்டில் நான் ஓட்டச் சொல்வது மொழி மாதிரியை, அதாவது சாட்ஜிபிடி போல எழுதும் ஏஐ மென்பொருளை. அது ஒவ்வொரு டோக்கனை, அதாவது சொல்லின் ஒரு துண்டை, எழுதும்போதும் தன் எடைகள் (பயிற்சியில் கற்றுச் சேமித்த எண்கள்) முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும். 700 கோடி எடைகள், ஒவ்வொன்றும் ஒரு பைட் என்றால் 7 ஜிபி. பி40 நொடிக்குச் சுமார் 346 ஜிபி படிக்கும். வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 49 டோக்கன். இது உச்சவரம்பு, நடைமுறையில் குறையும். கார்டு இல்லாமல் சர்வரின் சாதாரண ராமில் (நான்கு சேனல் டிடிஆர்4-2400) மாதிரியை ஓட்டினால் அதே கணக்கு 11க்கு மேல் போகாது.

சிக்கல் காற்றில்தான். கார்டு 250 வாட் வரை இழுக்கும். இழுத்ததெல்லாம் வெப்பமாகத்தான் வெளியேறும். உள்ளே போகும் காற்று 20 டிகிரி சூடேறி வெளியே வரலாம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்குப் பத்து லிட்டருக்குச் சற்று அதிகமான காற்று கார்டின் வெப்பத்தகடுகளுக்கு ஊடே போயாக வேண்டும். இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்தத் தகடுகள் நெருக்கமானவை. கேபினட்டில் சாதாரண விசிறியை மாட்டினால் காற்று தகடுகளுக்குள் நுழையாமல், பக்கத்துக் காலி இடத்தின் வழியே போய்விடும். அலமாரி போன்ற சட்டத்தில் (ரேக்) அடுக்கும் சர்வரின் விசிறிகள் காற்றை அழுத்தித் தள்ளும். பிளாஸ்டிக் மறைப்புகள் அதைத் திசை மாறவிடாமல் கார்டுக்குள் செலுத்தும். எனவே பழைய சர்வர் வாங்கும்போது அந்த மறைப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். காலி ஸ்லாட்டுகளையும் மூடி வையுங்கள். ரேக்கில் பெட்டியின் உயரத்தை அளக்கும் ஒரு 'யு' என்பது 44.45 மில்லிமீட்டர். 1யு பெட்டியில் சிறு விசிறிகள் காது கிழியக் கத்தும். வீட்டுக்கு 4யுதான் சரி.

மின்சாரத்தில் ஒரு ஆபத்து உண்டு. பி40இன் எட்டு பின் சாக்கெட், வழக்கமான கிராபிக்ஸ் கார்டு கேபிளுக்கானது அல்ல. மதர்போர்டில் சிபியுவுக்குப் போகும் இபிஎஸ் வகை. இரண்டிலும் 12 வோல்ட்டும் தரைக்கம்பியும் இடம் மாறியிருக்கும். தவறான கேபிளை வலிந்து செருகினால் ஷார்ட் சர்க்யூட். உரிய அடாப்டரை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கார்டைத் தேடுங்கள்.

எல்லாம் மாட்டியும் கார்டு தெரியவில்லையா? பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) 'அபவ் 4ஜி டிகோடிங்' என்பதை இயக்க வேண்டும். அவ்வளவு பெரிய நினைவகத்துக்கு 4 ஜிபிக்குக் கீழே முகவரி ஒதுக்க இடமிருக்காது.

பெரிய மாதிரிகளைப் பயிற்றுவிக்க நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏஐ கணக்குகளை வேகமாகப் போடும் டென்சர் கோர்கள் இதில் இல்லை, 16 பிட் கணக்கில் மிக மெதுவானது. ஜிபியுவில் கணக்குப் போட உதவும் என்விடியாவின் குடா மென்பொருளும் 13ஆம் பதிப்பில் இந்தத் தலைமுறையைக் கைவிட்டுவிட்டது. 12ஆம் பதிப்போடு நிற்க வேண்டும். பயிற்சிக்கு, பழைய ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் சேர்ப்பது நல்லது.

மாதிரியை ஓட்ட மட்டும் என்றால், மின் உச்சவரம்பை 180 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள். டோக்கன் வேகம் பெரிதாக விழாது. தடை கணக்கிடும் வேகத்தில் இல்லை, நினைவகத்தைப் படிக்கும் வேகத்தில்தான் இருக்கிறது. தேவைப்படும் காற்றோ நொடிக்கு ஏழரை லிட்டராகக் குறையும்.