எரியாத புகை

மதுரை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு நகைப் பட்டறையில் என் தம்பி வேலை பார்க்கிறான். ஆசிட் காய்ச்சும்போது பழுப்பாகப் புகை வருமாம். கண்ணோ மூக்கோ பெரிதாக எரிவதே இல்லை, வீட்டில் அடிக்கிற பிளீச்சிங் பவுடர் வாடைதான் இதைவிட மோசம் என்கிறான். பயப்பட வேண்டியதில்லைதானே?"

எரியவில்லை என்பதுதான் எனக்குப் பயமே.

பழைய நகையிலிருந்து சுத்தத் தங்கம் எடுக்க, அதோடு வெள்ளியோ செம்போ கூட்டி உருக்கி, நைட்ரிக் ஆசிட்டில் காய்ச்சுவார்கள். மற்றதெல்லாம் கரைந்துவிடும், தங்கம் மட்டும் அடியில் நிற்கும். அப்போது கிளம்பும் பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள்.

இனிமேல்தான் சுவாரசியம். மூக்கிலிருந்து நுரையீரலின் அடி வரை நம் மூச்சுப்பாதை முழுக்க ஈரம். ஒரு வாயு தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பதைப் பொறுத்தே அது எந்த இடத்தில் கைவைக்கும் என்பது பெரும்பாலும் முடிவாகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 700 லிட்டர் அம்மோனியாவைக் குடித்துவிடும். பிளீச்சிங் பவுடர் வாடைக்குக் காரணமான குளோரின் என்றால் இரண்டு சொச்சம் லிட்டர்தான்.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா, முதல் நீர்மோர்ப் பந்தலிலேயே உட்கார்ந்துவிடுகிற ஆள். ஐஸ் கம்பெனியில் கசிந்தால் கண், மூக்கு, தொண்டை எல்லாம் உடனே எரியும். எரிகிறவர் வெளியே ஓடிவிடுவார், பெரும்பாலும் பிழைத்தும்விடுவார். குளோரின் பாதி வழியில் தங்கும். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கோ தாகமே கிடையாது. எந்தப் பந்தலிலும் நிற்காமல் நேரே வைகைக்குள் இறங்கிவிடும்.

அந்த வைகைதான் நுரையீரலின் அடியில் உள்ள குட்டிக் காற்றுப் பைகளான காற்று நுண்ணறைகள். 30 கோடிக்கு மேல் இருக்கின்றன. பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், ஒரு சின்ன வீட்டின் தரை அளவு. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவு. அங்கே அந்த வாயு ஈரத்தோடு மெதுவாகச் சேர்ந்து மறுபடி ஆசிட் ஆகிறது, சுவரின் செல்களை அரிக்கிறது. சுவர் ஓட்டையானதும் ரத்தத்தின் நீர்ப்பகுதி உள்ளே கசிய ஆரம்பிக்கும். இதற்குச் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதுவரை ஆள் நன்றாகத்தான் இருப்பார். லேசான இருமலோடு வீட்டுக்குப் போய், சாப்பிட்டுப் படுப்பார். நடுராத்திரியில் மூச்சு முட்டும்.

1929-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே ஃபிலிம்கள் எரிந்தபோது, கிளம்பிய புகையில் இந்த வாயுவும் இருந்தது. 120 பேருக்கு மேல் இறந்தார்கள். நன்றாக நடந்து வெளியே வந்த பிறகு இறந்தவர்களும் அதில் உண்டு.

பட்டறையில் வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் புகை இறங்கிவிடும் என்பார்கள். பழம் போகிற குழாய் வேறு, புகை போகிற குழாய் வேறு. ஈரத்துண்டு கட்டிக்கொள்வதும் அம்மோனியாவுக்கு ஓரளவு உதவும். தண்ணீரை மதிக்காத வாயுவுக்கு உதவாது. தூசி மாஸ்க்கும் அப்படித்தான். காய்ச்சுவதைப் புகைபோக்கியும் மின்விசிறியும் உள்ள தனிக் கூண்டுக்குள் வைப்பதே வழி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரம் இருந்தால் பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்று கணக்கெடுத்தது. மூன்று பேர் உட்காரும் பட்டறையை யார் எட்டிப் பார்த்தார்கள்? பெரிய ஆராய்ச்சிக்கெல்லாம் பணம் ஒதுக்குகிறோம், ஒரு மலிவான புகைக்கூண்டை வடிவமைத்துக் கொடுக்க ஒதுக்குவதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல்.

அம்மா, தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். புகையை நிறைய இழுத்துவிட்டால், ஒன்றும் செய்யவில்லை என்றாலும் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருக்கட்டும். ஓடியாடினால் மூச்சு இன்னும் மோசமாகும். தேறிய பிறகும் இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் சிறு மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்டு, இருமலும் மூச்சுத்திணறலும் மறுபடி வரலாம். அப்போது டாக்டரிடம் சளி என்று மட்டும் சொல்லாமல், ஆசிட் காய்ச்சிய அந்தப் பழைய நாளையும் சேர்த்துச் சொல்லட்டும்.