அடுத்த பேட்சுக்கு என்ன அவசரம்?

சம்மர் கேம்ப் முடித்து நீச்சல் அணியில் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் பலர் முதல் மாதத்திலேயே வந்து நிற்பார்கள். "சார், பையனுக்கு 10 வயசாச்சு, எப்போ பெரிய பேட்ச்ல போடுவீங்க?" ஆர்வம் புரிகிறது. ஆனால் வயதுப் பிரிவு போட்டிக்கானது. பயிற்சிக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது நான் முதலில் பார்ப்பது தண்ணீருக்குள் அவன் மூச்சு விடும் விதத்தைத்தான்.

6, 7 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம் போதும். முகத்தை நீரில் வைத்து மூச்சை வெளியே விடுவது, உடல் தட்டையாக மிதப்பது, நிற்காமல் 25 மீட்டர் குப்புற நீந்தும் ஃப்ரீஸ்டைலும் மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக்கும். இவை வரும்வரை ஸ்டாப்வாட்ச் வெளியே வரக் கூடாது. 12 வயதில்தான் முதன்முதலாக நீச்சலுக்கு வருகிற பிள்ளையும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சிறுவர்களோடு சேர்க்காமல் தனி லேன் கொடுத்தால் வேகமாகவே தேறிவிடுவான்.

அடுத்த கட்டத்தில்தான் அவசரம் அதிகம் கெடுக்கிறது. ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், தவளைபோல் உதைக்கும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை என நான்கு ஸ்ட்ரோக்குகளும் (நீச்சல் முறைகளும்) உருவாகும் வயது அது. தாங்க முடியாத தூரம் கொடுத்தால் பிள்ளை களைத்துவிடுவான். களைத்தால் முழங்கை தாழும், இடுப்பு அமிழும், மூச்சுக்காகத் தலை முன்னால் தூக்கும். உடல் அந்தத் தவறையே மனப்பாடம் செய்துகொள்ளும். ஒழுங்காக நீந்திய 800 மீட்டர், தட்டுத்தடுமாறி முடித்த 2000 மீட்டரைவிட மேல். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் கால் உதை தவறாகவே பழகிவிட்டால் பின்னால் முழங்கால் வலியும் வரலாம்.

11 முதல் 14 வரை இன்னொரு சிக்கல். பெண் பிள்ளைகள் பொதுவாக முன்னதாகவே வளர்ந்துவிடுவார்கள். பையன்களில் சிலர் 12 வயதிலேயே நெடுநெடுவென்று நிற்பார்கள், சிலருக்கு 15 ஆகும். சீக்கிரம் வளர்ந்தவன் பதக்கம் வாங்குவதைப் பார்த்து, தாமதமாக வளர்பவன் தனக்குத் திறமை இல்லை என்று விலகிப் போவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். அவனுடைய பழைய டைமிங்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதையும் ஒரே நீளக் குளத்தில் பாருங்கள். 25 மீட்டர் குளத்தில் திரும்பும்போதெல்லாம் சுவரை உதைத்துத் தள்ளும் வேகம் கிடைக்கும். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய சென்னை வேளச்சேரி 50 மீட்டர் குளத்தில் அதே பிள்ளைக்குச் சில விநாடிகள் கூடினால், அவன் மெதுவாகிவிட்டான் என்று அர்த்தமில்லை.

பெரிய பேட்ச் என்றால் ஆழமான நீர், பிளாக்கிலிருந்து (குளக்கரையில் உள்ள தொடக்க மேடை) டைவ், நீருக்கடியில் இரு கால்களையும் சேர்த்து உதைக்கும் டால்ஃபின் கிக். ஆழம் குறைந்த பக்கம் டைவ் அடித்தால் கழுத்தெலும்பு முறியலாம். வேக வேகமாக மூச்சிழுத்துவிட்டு, யார் அதிக நேரம் அடியில் இருப்பது என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவதும் உண்டு. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இதில் முன்னறிகுறி இல்லாமல் மயங்கி மூழ்கியிருக்கிறார்கள். எந்தக் குளத்திலும் இதை அனுமதிக்கக் கூடாது.

அதனால் சேர்க்கும் முன் ஒரு முழுப் பயிற்சியைக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். கோச்சைத் தவிர உயிர்காப்பாளர் ஒருவர் இருக்கிறாரா, ஒரு கோச்சிடம் எத்தனை பிள்ளைகள், எதைச் செய்து காட்டினால் அடுத்த பேட்ச் என்று கேளுங்கள். தோள் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அந்த கோச் என்ன செய்வார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.