தொடாத டார்ச்சில் உப்புப் பூத்தது எப்படி?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த பிறகு, வீட்டில் ஒரு தகரப் பெட்டியை அவசரத்துக்கென்றே ஒதுக்கிவிட்டாராம். இந்த ஐப்பசியில் திறந்து பார்த்தால் மெழுகுவத்தி, தீப்பெட்டி எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்க, டார்ச்சுக்குள் மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ஒருநாள்கூட எரிக்காத பேட்டரிக் கட்டை எப்படிக் கெடும் என்பது அவர் கேள்வி.

மற்றவற்றை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். அவலும் பொட்டுக்கடலையும் ஈரம் படாதவரை தாக்குப்பிடிக்கும். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர். நீங்களே பிடித்து வைத்ததென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இனி கட்டைக்கு வருவோம்.

கட்டைக்குள் மின்சாரம் தருவது துத்தநாகம். விலை குறைந்த சாதாரணக் கட்டையில் அந்த உலோகமே வெளிக்கூடாகவும் இருக்கிறது. எரிய எரியப் பாத்திரமே கரைகிறது. ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். இதில் புதிர் ஒன்றுமில்லை.

என்னைக் கட்டிப்போடுவது ஆல்கலைன் கட்டை. அதில் துத்தநாகம் தூளாக, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுங்காரத்தில் ஊறிக் கிடக்கிறது. கணக்குப்படி பார்த்தால் துத்தநாகம் அந்த ஈரத்தில் உடனே கரைந்து, ஹைட்ரஜன் வாயு பொங்க வேண்டும். பொங்குவதில்லை. காரணம், ஹைட்ரஜன் உருவாவதற்கு அந்த உலோகப் பரப்பு உகந்த இடமாக இல்லை. ஆனால் இரும்புத் துணுக்கு ஒன்று கலந்திருந்தால் போதும், ஹைட்ரஜனுக்கு அங்கே திண்ணை கிடைத்துவிடும். முன்பெல்லாம் இதைத் தடுக்கப் பாதரசம் சேர்த்தார்கள். அது நஞ்சு என்பதால் கைவிட்டு, இப்போது மிகத் தூய்மையான துத்தநாகத்தில் இண்டியம், பிஸ்மத் போன்றவற்றைத் துளியளவு கலக்கிறார்கள். அப்படியும் வாயு மெல்ல மெல்ல ஊறிக்கொண்டேதான் இருக்கும். அழுத்தம் கூடிக் கட்டை வெடித்துவிடக் கூடாதே என்று, தட்டையான எதிர்முனைப் பக்கத்து அடைப்பில் வேண்டுமென்றே ஓரிடத்தை மெலிதாக விட்டிருப்பார்கள். அது கிழிந்து வாயு போகும்போது காரமும் கசிகிறது.

கசிந்த காரம் கீழே சொட்டிவிட்டுப் போனால் தொல்லை இல்லை. அது ஏறுகிறது! டார்ச்சின் சுருள்கம்பியைப் பிடித்துக்கொண்டு, புவியீர்ப்பைச் சட்டை செய்யாமல், மேலே போகிறது. கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம். அதன் விளிம்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதாகக் கரைகிறது. உள்ளே இருக்கும் துத்தநாகம் எலக்ட்ரான்களைக் கம்பி வழியே அனுப்ப, அந்த ஆக்சிஜன் அவற்றை வாங்கி, தண்ணீரோடு சேர்ந்து புதிய காரமாக மாறுகிறது. விளிம்பில் காரம் செறிந்தால் ஈரத்தை இழுக்கும். ஈரம் வந்தால் விளிம்பு ஒரு மயிரிழை முன்னே நகரும். நகர்ந்த இடத்தில் மறுபடி ஆக்சிஜன். சுவிட்ச் அணைந்தே இருக்கிறது, இந்தக் குட்டிச் சுற்றோ ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் வரும் கரியமில வாயு காரத்தைப் பொட்டாசியம் கார்பனேட்டாக்கிவிடுகிறது. வாசகர் பார்த்த உப்பு அதுதான்.

கோவிலூர் மடத்துக்கும் செட்டிநாட்டு வீடுகளுக்கும் பேர்போன காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உலோகம் அரிப்பது அங்கே நெடுங்காலமாக ஆராயப்படும் பொருள். லித்தியம் என்றால் பணப்பை திறக்கிறது, துரு என்றால் முகம் சுளிக்கிறார்கள் என்பது என் நீண்டநாள் மனத்தாங்கல். ஏழை வீட்டு டார்ச்சைக் கெடுப்பது இரண்டாவதுதான்.

பூத்த டார்ச்சைத் தூக்கிப் போட வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு கட்டையை எடுத்துவிட்டு, ஆல்கலைன் என்றால் எலுமிச்சைச் சாறு நனைத்த பஞ்சால் துடையுங்கள். சாதாரணக் கட்டையின் கசிவு அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடா. பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். செத்த கட்டையை வெயிலில் வைத்தால் உயிர் வரும் என்று பாட்டி சொன்னதும் முழுப்பொய் இல்லை: சூட்டில் வேதிவினை சற்று வேகமெடுக்கும், கொஞ்ச நேரம் எரியும். ஆனால் நல்ல கட்டையை அடுப்பங்கரைச் சூட்டில் வைத்தால் அதே வேகம் அதைத் தின்றுவிடும்.

நான் இப்போது கட்டைகளை டார்ச்சுக்குள் போடுவதில்லை. வாங்கிய உறையோடு, டார்ச்சின் மேலேயே ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு இரவு விளக்கை அணைத்துவிட்டு, தடவிப் பார்த்தே போட முயன்றேன். முதல் தடவை தலைகீழாகப் போட்டேன். தட்டைப் பக்கம் சுருள்கம்பிக்கு என்று விரல் கற்றுக்கொள்ள மூன்று தடவை ஆயிற்று.