பெரிய ஆர்டர் விலையை எவ்வளவு நகர்த்தும்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒருவர் மொபைலில் நெய்வேலி என்.எல்.சி. பங்கு ஐம்பது வாங்கினால் விலை பெரும்பாலும் அசையாது. அதே பங்கைப் பல லட்சம் எண்ணிக்கையில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் வாங்கப் போனால் விலை ஏறும். எவ்வளவு ஏறும் என்பதற்கு அழகான ஒரு கணக்கு இருக்கிறது.

சந்தையில் விற்பவர்கள் விலைவாரியாக வரிசையில் நிற்கிறார்கள். 250 ரூபாய்க்கு 300 பங்கு, 250.05-க்கு 700, 250.10-க்கு 1,500 இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2,000 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கே உடனே வாங்கச் சொல்லும் ஆர்டர்) போட்டால் முதல் இரண்டு படியும் காலி; மீதி 1,000 பங்கை மூன்றாவது படியில்தான் எடுக்க வேண்டும். அடுத்து வருபவருக்கு ஆரம்ப விலையே 250.10.

அப்புறம் மற்றவர்களின் ஊகமும் சேர்ந்துகொள்கிறது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் பெரிய லாரியோடு ஒரு வியாபாரி வந்து நின்றால், அவர் வாய் திறக்கும் முன்பே வஞ்சிரத்தின் விலையைக் கூட்டிச் சொல்வார்கள் அல்லவா? அப்படித்தான், பெரிதாக வாங்குபவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று சந்தை எண்ணுகிறது. பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் கைல் 1985-இல் இதைக் கணிதமாக்கினார். அவர் கணக்கில் ஆர்டர் இரட்டித்தால் விலை நகர்வும் இரட்டிக்கும்.

நிஜ வர்த்தகத்தை அளந்தவர்கள் கண்டது வேறு. பெரிய ஆர்டரைச் சிறு சிறு துண்டுகளாகப் போடும்போது, விலை நகர்வு அளவின் வர்க்கமூலத்தை ஒட்டியே போகிறது: நாலு மடங்கு வாங்கினால் இரண்டு மடங்குதான் நகர்வு. நாளொன்றுக்குச் சராசரியாக 2 சதவீதம் ஏறி இறங்கும் பங்கில், அன்றைய மொத்த வர்த்தகத்தில் 1 சதவீதத்தை நீங்கள் வாங்கினால் விலை ஏறக்குறைய 0.2 சதவீதம் நகரும்; 4 சதவீதம் வாங்கினால் 0.4. பங்கு, ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கான வாங்கல்-விற்றல் ஒப்பந்தம்), பிட்காயின் என எங்கே அளந்தாலும் கிட்டத்தட்ட இதே உறவு வருவது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஏன் வர்க்கமூலம்? திரையில் தெரியும் ஆர்டர்கள் கொஞ்சம்தான். "இன்னும் ஏறினால் விற்கலாம்" என்று மனதில் வைத்திருப்பவர்களே அதிகம். இப்போதைய விலைக்கு அருகே விற்க நினைத்தவர்கள் ஏற்கெனவே விற்று முடித்திருப்பார்கள். அதனால் அங்கே ஆள் குறைவு. விலை மேலே போகப் போக, காத்திருப்பவர்கள் சீராகக் கூடுகிறார்கள். விலை தூரத்தை அடியாகவும் காத்திருப்பவர்களின் அளவை உயரமாகவும் வரைந்து பார்த்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். விலையை இரண்டு மடங்கு தூரம் தள்ள வேண்டுமானால் அதன் அடியும் உயரமும் இரட்டிக்கும், பரப்பளவு நான்கு மடங்காகும். அந்தப் பரப்பளவுதான் நீங்கள் வாங்க வேண்டிய பங்குகள்.

இதெல்லாம் நிதானமாக வாங்கி விற்றால்தான். புதிய ஆட்கள் வந்து சேர நேரம் தராவிட்டால் கணக்கு உடைந்துவிடும். 2012 அக்டோபர் 5 அன்று சுமார் 650 கோடி ரூபாய் மதிப்புள்ள விற்பனை ஆர்டர்கள் தவறுதலாக ஒரே நேரத்தில் தேசியப் பங்குச் சந்தைக்குள் போயின. அந்தச் சந்தையின் முக்கியக் குறியீடான நிஃப்டி சில நொடிகளில் 15 சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

இந்த அபாயத்துக்காகவே மிகப் பெரிய விற்பனைகளைத் தினசரி வரிசையில் கொட்டுவதில்லை. 2024 மார்ச்சில் என்.எல்.சி.யின் 5 சதவீதப் பங்கை, அதாவது ஏறத்தாழ 6.9 கோடி பங்குகளை, மத்திய அரசு விற்க முன்வந்தபோது தனி ஏலச் சாளரம் திறந்தது. அடிப்படை விலை, அதாவது குறைந்தபட்ச விலை, 212 ரூபாய் என்று முன்னரே அறிவித்தது. அது அப்போதைய சந்தை விலைக்குக் கீழே. அந்தத் தள்ளுபடி, அவ்வளவு பெரிய அளவுக்கு அரசு கொடுத்த விலை.